வகுப்பறைத் தேர்தலில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்

பிள்ளைகளுக்குத் தேர்தலைச் சொல்லித்தர வகுப்பிலேயே ஒன்று நடத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் "யாருக்கு ஓட்டு? கை தூக்குங்க" என்று தொடங்கினால் பாதிப் பாடம் அங்கேயே போய்விடும். நானும் அப்படி நடத்தியிருக்கிறேன். ஒரு சிறுமி பாதி தூக்கிய கையை, பக்கத்துத் தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டாள். அடுத்த பெயருக்குத் தோழியோடு சேர்ந்து தூக்கினாள்.

பெரியவர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. ஒரு காலத்தில் பல நாடுகளில் ஓட்டை எல்லோர் முன்னிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலை கொடுத்தவரும் நிலத்துக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அரசே அச்சிட்ட சீட்டில் ரகசியமாக ஓட்டுப் போடும் முறை 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் வந்தது. பிரிட்டனுக்கு வர 1872 ஆயிற்று. இதைச் சொல்லிவிட்டு, மேசைமேல் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். பெட்டி காலியாக இருப்பதை எல்லோருக்கும் காட்டிய பிறகு ஒட்டுங்கள். பட்டியலில் பெயரை டிக் செய்துவிட்டுச் சீட்டைக் கொடுங்கள்.

அடுத்த தவறு, சின்ன வகுப்புகளில் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஒரே ஒரு ஓட்டு வாங்கிய பிள்ளைக்கு, அது தானே போட்டுக்கொண்டது என்று வகுப்புக்கே தெரியும். அந்த வலி தேவையில்லை. எந்தக் கதையை வாசிப்பது, எந்த விளையாட்டை ஆடுவது என்று விஷயங்களுக்கு ஓட்டுப் போடட்டும். நிஜக் கட்சிகளையும் உள்ளே கொண்டுவராதீர்கள். வீட்டில் யாருக்கு ஓட்டு என்ற பேச்சு வந்துவிடும்.

எண்ணும் வேலையை ஆசிரியரே ஓரமாக உட்கார்ந்து முடித்துவிடுவதும் உண்டு. சுவையான இடமே அதுதான்! ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு முகவரை நிறுத்தி, சீட்டை விரித்துக் காட்டி, பலகையில் ஐந்தைந்து கோடாகப் போடுங்கள். இரண்டு பெயரில் குறியிட்ட சீட்டு நிச்சயம் ஒன்று வரும். அது செல்லுமா என்ற விதியை ஓட்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

முடிவு வந்ததும் கைதட்டி நிறுத்திவிடாதீர்கள். 30 பேரில் கபடிக்கு 12, கோகோவுக்கு 10, கேரமுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். கபடி ஜெயித்தது, சரி. ஆனால் 18 பேர் அதைக் கேட்கவில்லையே? கேரமை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுப் போட வையுங்கள். அந்த 8 பேரும் கோகோ பக்கம் போனால் முடிவே மாறிவிடும். விதி மாறினால் வெற்றியும் மாறும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். எது நியாயம் என்று அவர்களே வாதாடட்டும்.

அப்புறம், ஜெயித்ததை நீங்கள் ரத்து செய்யவே கூடாது. உங்களால் ஒப்புக்கொள்ள முடியாததைச் சீட்டில் முதலிலேயே போடாதீர்கள். அடுத்த தேர்தல் தேதியையும் அன்றைக்கே பலகையில் எழுதிவிடுங்கள்; தோற்ற பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.