சிட்டிசன்ஷிப் எடுத்த கையோட ஊருக்கு டிக்கெட் போட்டுறாதீங்க

லண்டன், லூட்டன், லெஸ்டர்னு புதுசா வந்து இறங்கியிருக்க நம்ம கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துப் புள்ளைங்களுக்குத்தான் இது. பேங்க் அக்கவுண்ட், ஜிபி (ஏரியா டாக்டர்) ரிஜிஸ்ட்ரேஷன், ஹலால் கறிக்கடை இதெல்லாம் வந்த ரெண்டாம் நாளே யாராவது சொல்லிருவாங்க. பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தா இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆகும்ங்கிற விஷயத்தை மட்டும் ஒழுங்கா சொல்ல ஆள் இல்ல, சொல்ற ஆளுங்களும் தப்பாத்தான் சொல்றாங்க.

முறையெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமா சொல்லிடுறேன். வொர்க் விசால வழக்கமா அஞ்சு வருஷம், அப்புறம் ஐஎல்ஆர் (இங்கயே நிரந்தரமா தங்குற உரிமை), அதுக்கப்புறம் சாதாரணமா ஒரு வருஷம் கழிச்சு சிட்டிசன்ஷிப். நடுவுல லைஃப் இன் த யூகே டெஸ்ட், 24 கேள்வியில 18 சரியா இருந்தா பாஸ். கடைசியா கவுன்சில் ஆபீஸ்ல செரிமனி, ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி, கைல ஒரு சர்டிஃபிகேட். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாச்சு, ஊர்ல இருந்து மாஷா அல்லாஹ் நூறு வந்தாச்சு.

இங்கதான் கோளாறு. பிரிட்டன்காரன் ரெண்டு குடியுரிமை வச்சுக்கிட்டா கண்டுக்க மாட்டான், பழசை ஒப்படைன்னு கேக்கவும் மாட்டான். அதைப் பாத்துட்டு நம்ம ஆளுங்க இந்தியாவும் அப்படித்தான்னு நெனச்சுக்கிறாங்க. நம்ம 1955 குடியுரிமைச் சட்டத்துல 9ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, நீங்களா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தா இந்தியக் குடியுரிமை அப்பவே போச்சு. யாரும் லெட்டர் போட மாட்டாங்க, நீங்க எதையும் எழுதிக் குடுக்கணும்னும் இல்ல. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாள் கணக்கில்ல, செரிமனி நடந்த நாள்தான் கணக்கு. அந்த நீல இந்தியப் பாஸ்போர்ட்ல இன்னும் ஆறு வருஷம் வேலிடிட்டி இருக்கேன்னு கேப்பீங்க. அச்சடிச்ச தேதி அப்படியேதான் இருக்கும், ஆனா அதைக் காட்டிப் போற உரிமை உங்களுக்கு இல்ல.

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட தம்பி, கதையைக் கேளுங்க. செரிமனி முடிஞ்சு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்திருச்சு. அந்த நேரம் ஊர்ல அவன் சாச்சா (சித்தப்பா) மகளுக்கு நிக்காஹ். இந்தியப் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணல, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ல இந்திய விசாவும் எடுக்கல. ஊர்ல ஒரு டிராவல்ஸ்காரர் போன்லயே சொல்லிட்டார், "ரெண்டையும் கைல வச்சுக்கங்க தம்பி, இந்தியாவுல இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, அங்க பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, ஒண்ணும் ஆகாது". வரும்போது ஒண்ணும் ஆகலதான். சென்னையில இந்தியர்கள் கியூல நின்னு சீல் குத்திட்டு வெளிய வந்துட்டான், ராவு சேது எக்ஸ்பிரஸ் ஏறி ராமநாதபுரம், அங்கிருந்து ஆட்டோ. ஊர்ல ஒரே பெருமை. புதுப் பாம்பன் பாலம் பாத்தான், தொதல் அல்வா டின் டின்னா வாங்கிக் கட்டினான். எனக்கும் ரெண்டு டின் வருதுன்னு இங்க நான் நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன்.

திரும்பறப்பதான் மாட்டுனான். செக்-இன் கவுண்டர்ல இந்தியப் பாஸ்போர்ட்ட குடுத்தா அந்தப் பொண்ணு யூகே விசா எங்கன்னு கேக்குது. விசா எங்க இருக்கும்? சிட்டிசன் ஆன அன்னிக்கே ஐஎல்ஆர் முடிஞ்சு போச்சு. சரின்னு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ட எடுத்து நீட்டுனா போர்டிங் பாஸ் வந்திருச்சு, ஆனா இமிக்ரேஷன்ல அந்தப் பாஸ்போர்ட்ட புரட்டிப் பாத்துட்டு இதுல இந்திய விசாவும் இல்ல, வந்த சீலும் இல்ல, நீங்க எப்படி உள்ள வந்தீங்கன்னு கேட்டாங்க. இவன் வெள்ளந்தியா இந்தியப் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டிட்டான். அவ்வளவுதான், தனியா உக்கார வச்சுட்டாங்க. ஃபிளைட் போச்சு, டிக்கெட் காசு போச்சு, இங்க வேலையில லீவு முடிஞ்சு மேனேஜர் ஒரு பக்கம். அப்புறம் சென்னையில ரூம் போட்டு, அலைஞ்சு, விளக்கம் எழுதிக் குடுத்து, தண்டம் கட்டி, வெளிய போக பெர்மிட் வாங்கித்தான் வந்து சேந்தான். அந்த டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டா, "இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆக்கிட்டாங்க தம்பி"ங்கிறார். சட்டம் வந்தது 1955லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, மரியாதைக்காக விட்டேன்.

ஊருக்குள்ள போறது லேசு, வெளிய வர்றதுலதான் பிடி இருக்கு. அதுக்கும் ஒரு வழி சொல்ற பெருசுங்க உண்டு, கொழும்பு போய் பாஸ்போர்ட்ட மாத்திக் காட்டு, துபாய்ல மாத்திக் காட்டுன்னு. அந்த வழியில போனவங்க அடுத்து என்ன பண்றாங்கன்னா, தேதி முடிஞ்சதும் ஊர்ல வச்சே இந்தியப் பாஸ்போர்ட்ட ரினியூ பண்ணப் பாக்குறாங்க. தயவுசெஞ்சு வேணாம். குடியுரிமையை மறைச்சு பாஸ்போர்ட் எடுத்தா, 1967 பாஸ்போர்ட் சட்டப்படி ஒரு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரத்துல இருந்து அம்பதாயிரம் வரைக்கும் அபராதம். அங்க வாப்பா உம்மாவை ஸ்டேஷனுக்கு அலைய விடணுமா?

ஒழுங்கான வழி ஒண்ணும் மலையில்ல. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணுங்க. கேன்சல் சீல் அடிச்சு திருப்பிக் குடுப்பாங்க, அதையும் சரண்டர் சர்டிஃபிகேட்டையும் பத்திரமா வைங்க, ஓசிஐக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்குற கார்டு) அது ரெண்டும் வேணும். பேரு விஷயத்துல கவனம், வாப்பா பேரு ஒண்ணுல சர்நேமா இருக்கும், இன்னொண்ணுல இருக்காது, அதை சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடியே சரி பண்ணிருங்க, அப்புறம் பண்றது பெரிய தலைவலி. ஓசிஐ வர்றதுக்கு முன்னாடி ஊர்ல மவுத்து (இறப்பு)னு போன் வந்தா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ல இ-விசா போட்டுப் போங்க. செரிமனிக்கும் புதுப் பாஸ்போர்ட்டுக்கும் நடுவுல இருக்க வாரங்கள்ல மட்டும் போக வழியே கிடையாது. முதல் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்றப்ப பழசையும் அனுப்பச் சொல்வாங்க, கைல எதுவும் இருக்காது. பெத்தா (பாட்டி) ரொம்ப முடியாம இருக்காங்கன்னா செரிமனியைத் தள்ளிப் போட்டுட்டு ஐஎல்ஆரோட ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துருங்க, அழைப்பு வந்ததுல இருந்து மூணு மாசம் டைம் இருக்கு.

ஓசிஐன்னா குடியுரிமைன்னு நெனைக்காதீங்க, அது ஆயுசுக்கும் செல்லுற விசா. ஓட்டுப் போட முடியாது, நம்ம ஆளு நிக்கிறார் வந்து ஒரு குத்து குத்திட்டுப் போன்னு யார் கூப்பிட்டாலும் சரி. வீடு, கடை வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம் வாங்க முடியாது, வாப்பாகிட்ட இருந்து வாரிசா வர்றது வேற. எங்க லாத்தா (அக்கா) மாப்பிள்ளை பெரியபட்டினம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மேல கண்ணு வச்சிருக்கார், அதுக்காகவே ஐஎல்ஆர்லயே உக்காந்திருக்கார். கிறுக்குன்னு சிரிச்சோம், அவர் கணக்கும் தப்புதான், இந்தியக் குடியுரிமை இருந்தாலும் வெளிநாட்டுல குடியிருக்க வரைக்கும் விவசாய நிலம், தோட்டம் வாங்க முடியாது. ஐஎல்ஆர்லயே இருக்கவங்க இன்னொண்ணும் பாத்துக்கணும், ரெண்டு வருஷத்துக்கு மேல சேந்தாப்புல யூகேக்கு வெளிய இருந்தா ஐஎல்ஆர் போயிரும். தப்லீக் ஜமாஅத்துல (மார்க்கப் பிரச்சாரத்துல) போற எண்ணம் இருந்தா, 2021 மார்ச்ல இருந்து ஓசிஐக்காரங்க அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும், நாப்பது நாள் பையைத் தூக்குறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க.

ஐஎல்ஆர் வாங்கினப்புறம் இங்க பொறக்குற புள்ள பொறக்கும்போதே பிரிட்டிஷ். அதுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துட்டு, தாத்தா ஆசைப்படுறார்னு இந்தியப் பாஸ்போர்ட்டும் சேத்து எடுக்கப் பாக்காதீங்க, அந்த ஃபார்ம்லயே புள்ளகிட்ட வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லன்னு நீங்க கையெழுத்துப் போடணும். ஓசிஐ எடுத்து தாத்தா கைல காட்டுங்க, அவர் கண்ணுக்கு அதுவும் நீலமாத்தான் தெரியும்.