திருச்சியிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, பாங்காக்: எல்லை தாண்டும் ரயில் பயணம், படிப்படியாக

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் முதன்முதலாக வெளிநாட்டில் ஊர் ஊராக ரயிலில் போக நினைத்தால், மலேசியாவில் தொடங்குவதுதான் நல்லது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம்தான். இறங்கிய ஊரில் தமிழில் வழி கேட்கலாம். அங்கிருந்து தாய்லாந்து எல்லை வரை மின்சார ரயில் ஓடுகிறது.

படி 1: எல்லை நாளை முதலில் குறியுங்கள்

பலரும் விமானம், ஹோட்டல், முதல் ரயில் என்று முன்னாலிருந்து போடுவார்கள். இந்தப் பாதையில் பின்னாலிருந்து போட வேண்டும். கோலாலம்பூர், ஈப்போ, பட்டர்வொர்த் (பினாங்குக்கு இறங்கும் ஸ்டேஷன்) இடையே வண்டிகள் நிறைய. பாடாங் பெசார் எல்லையைத் தாண்டும் தாய்லாந்து வண்டிகள்தான் விரல்விட்டு எண்ணும் அளவு. அந்த நாளையும் வண்டியையும் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பொருத்துங்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தைப்பூசம், மலேசியப் பள்ளி விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்தால் டிக்கெட் சுலபம்.

படி 2: பெயர், படிவம், கார்டு

நம் பக்கத்துப் பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது சகஜம். விமான டிக்கெட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் கவுன்டரில் கேள்வி வரும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் உள்ளபடியே எழுதுங்கள். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர்கள் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

மலேசியாவுக்கு எம்டாக், தாய்லாந்துக்கு டிடாக் என்று இரண்டு ஆன்லைன் வருகைப் படிவங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த நாட்டுக்குள் நுழைவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் அன்று தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருந்தால் கவனம். மலேசியா, தாய்லாந்து இரண்டுமே அந்த அனுமதி கேட்கும் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. சுற்றுலாவுக்குப் போகத் தடையில்லை; ஆனால் வேலைக்குப் போகிறாரோ என்று திருச்சி இமிக்ரேஷனில் விசாரிப்பார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, ரயில் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் எடுத்து மேலாக வையுங்கள்.

கார்டு: புதிதாக வாங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் அதைத் திறந்துவிடுங்கள். ‘பேமென்ட் ஃபெயில்ட்’ வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படி 3: மலேசிய ரயில்

மலேசிய ரயில்வேயான கேடிஎம் நிறுவனத்தின் சொந்த ஆப்பிலேயே டிக்கெட் எடுங்கள். இடைத்தரகர் தளங்கள் கமிஷன் போடுவதோடு, தேதி மாற்றும்போது கையை விரித்துவிடும். ஒவ்வொரு பயணிக்கும் பாஸ்போர்ட் விவரம் கேட்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் நடுவில் நேரம் கடந்து சீட் போகாது.

இடிஎஸ் என்ற மின்சார வண்டிகளைத் தேர்ந்தெடுங்கள். கோலாலம்பூரின் முக்கிய ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போ இரண்டரை மணி நேரத்துக்குள், பட்டர்வொர்த் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிளாட்டினம் வண்டி குறைவான ஊர்களில் நிற்கும். நம்மூர் மாதிரி ஓடிவந்து ஏற முடியாது, வண்டி கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னதாக நில்லுங்கள்.

பத்துமலைக்கு டாக்ஸி வேண்டாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்ற உள்ளூர் ரயில் கோயில் வாசல் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஈப்போவில் 1917இல் கட்டி முடித்த வெள்ளை ஸ்டேஷனிலிருந்து பழைய டவுனுக்கு நடந்தே போகலாம். பினாங்கு தீவு, ரயில் அங்கே போகாது. பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே ஃபெர்ரி ஏறினால் ஏறத்தாழ கால் மணியில் ஜார்ஜ் டவுன்.

பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் நடுவில் சுங்கைப் பட்டாணி வரும். டெல்டாக்காரர்கள் இங்கே ஒரு நாள் ஒதுக்குவது நியாயம். இந்த ஊர் இருப்பது கெடா மாநிலம், அதுதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் வந்த நாடு. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், பழைய கோயில் அடித்தளங்களும் இருக்கின்றன. ரயிலடியிலிருந்து கிராப் ஆப்பில் வாடகைக் கார் கிடைக்கும். திரும்பி வர அங்கே கார் பிடிப்பது கஷ்டம், கொண்டுபோய் விட்டவரையே காத்திருக்கச் சொல்லிப் பேசிவிடுங்கள்.

படி 4: பாடாங் பெசார் (இங்கேதான் கோட்டை விடுவார்கள்)

பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். சீட் பதிவு கிடையாது, அன்றைக்கு டிக்கெட் வாங்கினால் போதும்.

சிக்கல் கடிகாரத்தில். மலேசியா நமக்கு இரண்டரை மணி முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி முன்னால். ஒரே ஸ்டேஷனில் கேடிஎம் வண்டி மலேசிய நேரத்திலும், தாய்லாந்து வண்டி தாய்லாந்து நேரத்திலும் ஓடும். தாய் டிக்கெட்டில் மாலை 5:00 என்றால் மலேசிய நேரம் 6:00. வடக்கே போகும்போது இது உங்களுக்கு ஒரு மணி நேரம் லாபம். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும். இணைப்பு வண்டி தவறுவது அப்போதுதான். தாய் வண்டி 9:00 மணிக்கு வந்தால் மலேசியாவில் அப்போது 10:00. 9:40 இடிஎஸ் ஏற்கெனவே போயிருக்கும்.

போனையும் நம்பாதீர்கள். எல்லையில் எந்த நாட்டு டவர் கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தானாக நேரம் மாறுவதை முதல் நாளே அணைத்துவிட்டு, டிக்கெட்டில் இரண்டு நேரத்தையும் பேனாவால் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: தாய்லாந்துப் பக்கமும் பாடாங் பெசார் என்றே ஒரு சிறு ஸ்டேஷன் உண்டு. டிக்கெட் போடும்போது மலேசிய ஸ்டேஷனைத்தான் தேர்ந்தெடுத்தோமா என்று பாருங்கள்.

இறங்கியதும் எல்லாப் பைகளோடும் மலேசிய கவுன்டரில் வெளியேறும் முத்திரை, அதே கட்டிடத்தில் தாய் கவுன்டரில் நுழையும் முத்திரை. இரண்டும் விழுந்ததா என்று பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டிக்கெட் கவுன்டரும் சாப்பாட்டுக் கடையும் மேல்மாடியில். முத்திரைக்கு முன்பே அந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

படி 5: ஹாட்யாய், பாங்காக்

எல்லையிலிருந்து பாங்காக்குக்கு நேராக ஒரு இரவு வண்டி உண்டு, எண் 46. புதியவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஷட்டில் என்ற குறுந்தூர வண்டியில் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் போய், அங்கிருந்து 32ஆம் எண் வண்டி ஏறுங்கள். அதில் பெட்டிகள் புதியவை. ஷட்டில் தாமதித்தாலும் ஹாட்யாயில் மாற்று வண்டி இருக்கிறது. ஷட்டில் நாளுக்கு இரண்டுதான், ஒரு மணி நேர ஓட்டம். சில்லறை பாட் நோட்டு கையில் இருக்கட்டும்.

படுக்கையில் கீழ் பெர்த்துக்கு விலை சற்றுக் கூட. கொடுங்கள், அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு.

2023 ஜனவரி முதல் தொலைதூர வண்டிகள் பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷனுக்குப் போவதில்லை, பாங்காக்கின் புதிய ஸ்டேஷனான க்ருங் தேப் அபிவத்தில்தான் நிற்கும். ‘ரயில்வே ஸ்டேஷன் அருகில்’ என்ற ஹோட்டல் விளம்பரம் எந்த ஸ்டேஷனைச் சொல்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மெட்ரோ உண்டு.

பின்னர் சேர்த்தது

ஹாட்யாய் வரை போய்விட்டு கோலாலம்பூர் திரும்பித் திருச்சி விமானம் ஏறுபவர்கள் எம்டாக்கை இரண்டாம் முறையும் நிரப்ப வேண்டும். முதல் முறை நிரப்பியது அந்த ஒரு நுழைவுக்கு மட்டும்.

மலேசியாவில் பிளக் பாயின்ட் சதுர மூன்று முள். நம் சார்ஜர் நுழையாது. அடாப்டரைத் திருச்சியிலேயே வாங்கிவிடுங்கள்.