பள்ளிக்கு வெளியே ஒரு ரோபோ அணி: தொடங்குவது எப்படி?

பிள்ளைகள் சேர்ந்து ரோபோ செய்து போட்டிக்குப் போகும் அணி என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிட் வாங்கலாம்?" பாகங்கள் அடங்கிய அந்தக் கிட்டை அப்புறம் பார்க்கலாம். வேலை முடிந்து மாலையில் வந்து உதவுகிற தன்னார்வலர்களை நம்பி நடக்கும் அணி, மோட்டார் கெட்டதால் நின்றுபோவதில்லை. அறைச் சாவி வைத்திருந்தவர் வராமல் போனால்தான் நிற்கும். அதனால் ஆட்களிலிருந்து தொடங்குவோம்.

படி 1: இன்னொரு பெரியவரைப் பிடியுங்கள்

தனியாக இறங்காதீர்கள். ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் ரோபோப் போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் அணியைப் பதிவு செய்யவே பொறுப்பாளர்களாக 2 பெரியவர்கள் வேண்டும். இருவருமே பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பட்டறையைப் பார்த்துக்கொண்டால், மற்றவர் படிவம், கணக்கு, பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் இவற்றைப் பார்க்கட்டும். இரண்டாவதுதான் கடினமான வேலை, நம்புங்கள்.

ஒரு விதியை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக அறையில் இருக்கக் கூடாது. கடைசிப் பிள்ளையை அழைத்துப்போக வீட்டார் தாமதமாக வந்தால், இரண்டு பெரியவர்களும் காத்திருக்க வேண்டும்.

படி 2: போட்டியைத் தேர்ந்தெடுங்கள்

அதே அமைப்பு 1992-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் பெரிய இயந்திரங்களைப் பார்த்தால் ஆசை வரும். முதல் வருடத்திலேயே அது வேண்டாம். செலவும் அதிகம், ஜனவரியில் அந்த வருடத்து விளையாட்டை அறிவித்த சில வாரங்களில் ரோபோ தயாராக வேண்டும். டெக் சேலஞ்ச் அல்லது வெக்ஸ் வி5 என்ற இன்னொரு மாணவர் ரோபோப் போட்டி போதும். இரண்டிலும் ரோபோ தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், களம் 12 அடிக்கு 12 அடி. டெக் சேலஞ்சில் முதல் 30 விநாடி ரோபோ தானாக இயங்கும், அடுத்த 2 நிமிடம் பிள்ளைகள் ஓட்டுவார்கள். அணியில் 15 பேர் வரை இருக்கலாம். என்னைக் கேட்டால் 8 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

உங்களுக்கு அருகில் எந்தப் போட்டி நடக்கிறதோ அதையே எடுங்கள்.

படி 3: இடமும் பணமும்

நூலக அறை, சமுதாயக் கூடம், யாராவது ஒருவரின் வண்டிக் கொட்டகை, எதுவும் சரிதான். பூட்டக்கூடிய ஓர் அலமாரி கட்டாயம். அது இல்லையென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரம் பெட்டி தூக்குவதிலேயே போய்விடும். முழுக் களம் போட இடமில்லையா? கால்பங்கு போதும்.

பதிவுக் கட்டணம், பாகங்கள், பயணம், உதிரிகள் என்று நான்கு வரியில் பட்ஜெட் போடுங்கள். உதிரிகளை மறந்துவிடுவார்கள். பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. பதிவு பெற்ற ஓர் அமைப்பின் கீழ் வைத்து, இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று ஏற்பாடு செய்யுங்கள். நன்கொடை கேட்கப் போகும்போது பிள்ளைகளே பேசட்டும்.

படி 4: முதலில் ஓடுகிற வண்டி

முதல் 3 வாரத்தில் ரோபோவுக்குக் கை, பொருள் தூக்கும் பாகம் எதுவும் வேண்டாம். நேராக ஓடி, திரும்பி, நிற்கிற அடித்தளம் மட்டும். புதிய அணிகள் அழகான கை ஒன்றைச் செய்து, போட்டிக்கு முந்தைய இரவில் சக்கரத்தை மாட்டுவார்கள். ஓட்டிப் பழகாத ரோபோவுக்குக் கை எதற்கு?

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் மேசைப் பக்கம் வரக்கூடாது, நீங்களும்தான். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கூட்டத்தின் கடைசி 15 நிமிடம் கூட்டிப் பெருக்கவும், அன்று செய்ததைப் பொறியியல் குறிப்பேட்டில் எழுதவும்.

படி 5: உங்கள் கையைக் கட்டிப்போடுங்கள்

எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. ஒரு சீசனில் பிள்ளைகள் எழுதிய நிரல் தள்ளாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓர் இரவில் நானே திருத்தி எழுதினேன். ரோபோ அருமையாக ஓடியது. போட்டியன்று சென்சார் கம்பி ஒன்று கழன்றது. நிரலில் எந்த வரியை அணைத்துவிட்டு ஆடலாம் என்று பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்தில் ரோபோ நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அதற்குப் பிறகு கேள்வி மட்டும்தான் கேட்கிறேன். "கடைசியாக எதை மாற்றினீர்கள்?" "அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?" ஸ்க்ரூடிரைவரைப் பிள்ளை நீட்டினால்கூட வாங்காதீர்கள். நீங்கள் 5 நிமிடத்தில் முடிப்பது அவர்களுக்கு 2 மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

படி 6: போட்டி நாள்

சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளுக்கு எண் போட்டு எடுத்துப் போங்கள். பரிசோதனை மேசையில் பெரும்பாலும் அளவு, கூர்முனை, தளர்ந்த கம்பி இவற்றில்தான் மாட்டுவார்கள். விதிநூலில் இருக்கும் பட்டியலை வைத்து முந்தைய நாளே சரிபாருங்கள். நடுவர்களிடம் பிள்ளைகள்தான் பேச வேண்டும், நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

படி 7: சாவியைக் கைமாற்றுங்கள்

மூத்த மாணவர்கள் பள்ளி முடித்துப் போய்விடுவார்கள். சீசன் முடிவதற்குள் ஓர் ஆட்டமாவது இளையவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுங்கள். கடவுச்சொற்கள், கணக்குப் புத்தகம், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அலமாரிச் சாவிக்கு இன்றே 2 நகல் எடுத்துவிடுங்கள்.