அவர் தேர்தல் கேட்பாரோ? நாள் எண்ணிப் பார்ப்பது எப்படி

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஜனாதிபதித் தேர்தல் வாடை அடித்தால் போதும், மச்சான் முதல் முடிவெட்டுகிறவர் வரை ஒரே கேள்விதான்: "அண்ணை, அவர் கேட்பாரோ?" மேடைப் பேச்சை விடுங்கோ. ஒரு கலண்டரும் பென்சிலும் எடுங்கோ.

முதலில் வர்த்தமானித் திகதியை, அதாவது அரச இதழில் தேர்தல் அறிவிப்பு வெளியான நாளைக் குறியுங்கள். அதிலிருந்து 16 முதல் 21 நாளுக்குள் வேட்புமனு. மனு முடிந்து நாலு முதல் ஆறு வாரத்துக்குள் வாக்களிப்பு. எதிராளிக்குக் கிடைப்பது இந்தச் சின்ன இடைவெளிதான்.

அடுத்து, பதவியில் இருப்பவர் ஏன் அவசரப்படுகிறார் என்று பாருங்கள். மஹிந்த ராஜபக்ஷ இரண்டாம் முறை பதவியேற்றது 2010 நவம்பர் 19. நாலு வருடம் முடிந்தால் தேர்தலுக்கு அழைக்கலாம் என்பது சட்டம். 2014 நவம்பர் 20 அன்றே அழைத்துவிட்டார். இன்னும் இரண்டு வருடம் கையில் இருந்தது. சோதிடர் குறித்த நாள் என்று ஊரே பேசியது. நான் பார்த்தது ஊவாவை. அந்த மாகாண சபைத் தேர்தலில் 2009இல் 72 வீதம் எடுத்த அவரது கூட்டணி, 2014 செப்டெம்பரில் 51க்கு இறங்கியிருந்தது. வெயிலேற முன்னம் மீனை விற்றுத் தீர்க்கப் பார்க்கிற வியாபாரியின் கணக்கு அது.

இனி எதிர்ப்பக்கம். மைத்திரிபால சிறிசேன அப்போது சுகாதார அமைச்சர், ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர். முதல் நாள் இரவு ஜனாதிபதியோடு அப்பம் சாப்பிட்டவர், 21ஆம் திகதி எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக வந்து நின்றார். நான் வேறொருவர் பெயரில் தலைப்பு எழுதி வைத்திருந்தேன்; பின்னேரம் கிழித்துப் போட்டேன். இரண்டு மாதம் முந்தி வெளியேறியிருந்தால் அவரை உடைக்க அரசுக்கு நேரம் கிடைத்திருக்கும். இரண்டு வாரம் பிந்தியிருந்தால் எதிர்க்கட்சி வேறு ஆளைப் பிடித்திருக்கும். ஆகவே, "முடிவு எடுக்கவில்லை" என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால், எந்த நாள் வரைக்கும் அப்படிச் சொல்வது அவருக்கு வசதி என்று கேளுங்கள். 2015 ஜனவரி 8இல் சிறிசேன 51.28 வீதம் எடுத்து வென்றார்.

கட்டுப்பணத்தையும், அதாவது வேட்பாளர் கட்டவேண்டிய வைப்புக் காசையும் கவனியுங்கள். பேச்சில் மழுப்பலாம், ராஜகிரியவில் உள்ள தேர்தல் ஆணைக்குழுவில் காசு கட்டினால் மறைக்க முடியாது. 2019இல் மஹிந்தவின் தம்பி கோட்டாபயவின் இலங்கைக் குடியுரிமை செல்லாது என்று போட்ட வழக்கு முடிந்தது ஒக்டோபர் 4. மனுத் தாக்கல் 7. வழக்கில் தோற்றால் என்ன செய்வது என்று அண்ணன் சமல் பெயரிலும் கட்டுப்பணம் கட்டி வைத்தார்கள்.

காத்திருப்பவர் எல்லாம் கெட்டிக்காரர் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலையில் பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது சஜித் பிரேமதாச முதல் நாள் விலகினார். அனுர குமார திசாநாயக்க நின்று வாங்கியது 3 வாக்கு. 2019இல் மக்களிடம் அவர் வாங்கியதும் 3.16 வீதம்தான். 2024இல் 42.31 எடுத்து ஜனாதிபதியானார்.

அந்த 3 வாக்குச் செய்தியை நான் உள்பக்கத்தில் நாலு வரியில் போட்டேன்.