அல்மாத்திக்குப் பெட்டி கட்டுவது எப்படி? பருவம் பார்த்து ஒரு செய்முறை

கஜகஸ்தானின் அல்மாத்திக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. அதனால் நிலம் கோடையில் சட்டென்று சூடேறும், குளிர்காலத்தில் சட்டென்று ஆறிவிடும். ஜூலைப் பகலில் 35 டிகிரி வரை போகும். ஜனவரி இரவில் மைனஸ் 15-க்குக் கீழேயும் இறங்கும். சராசரியை நம்பித் துணி எடுத்து வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

முதல் தடவை போகிறவர்கள் யோசிக்காமல் செப்டம்பரைப் பிடியுங்கள். மழை குறைவு, பகல் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் அதிக மழையும் அப்போதுதான். மார்ச் வேண்டாம். பகலில் பனி உருகிச் சேறாகும், ராத்திரி அதே தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும்.

படி 2: உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

நகர மையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர். கேபிள் காரில் ஏறினால் நகரை ஒட்டிய மலையிலுள்ள சிம்புலாக் பனிச்சறுக்குத் தலம் வழியாகச் சுமார் 3,200 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கீழே 30 என்றால் மேலே 15-தான். மே, ஜூனில்கூட ஜாக்கெட் இல்லாமல் மேலே போகாதீர்கள். காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம்: மைனஸ் 10-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20.

குளிர்காலத்தில் மட்டும் சில நாள் கணக்கு தலைகீழாகும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்க, புகையும் அதோடு சேர்ந்து நகரை மூடிக்கொள்ளும். மேலே பளீரென்று வெயில் அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் என்95 முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று அடுக்காக உடுத்துங்கள்

உடம்போடு ஒட்டியிருப்பது மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், அதாவது குளிர்தாங்கும் உள்ளாடை. பருத்தி பனியன் கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், நின்ற இடத்தில் நடுங்க வைக்கும். அதன்மேல் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை) அல்லது ஸ்வெட்டர், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். தெர்மல் இரண்டு செட் போதும், ராத்திரி அலசிப் போட்டால் ஹீட்டர் சூட்டில் காலைக்குள் காய்ந்துவிடும்.

தடிமனான ஒரே கோட்டை நம்புகிறவர்கள் உள்ளே வந்ததும் திணறுவார்கள். கடை, மெட்ரோ எல்லா இடத்திலும் சூடேற்றி வைத்திருப்பார்கள். நுழைந்தவுடன் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். வியர்த்தபின் திறந்து பயனில்லை.

படி 4: கால், கை

பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். அடிப்பாகம் ஆழமான பள்ளங்களோடு, மிருதுவான ரப்பராக இருக்கவேண்டும். உதட்டுக்கும் கைக்கும் வாசலின், மேலே போகும் நாளில் எந்த மாதமானாலும் சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும்.

படி 5: போன், கேமரா

குளிரில் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். உறைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், பேட்டரி கெடும். கேமராவை அறைக்குள் கொண்டுவரும் முன், வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின்மேல் படியும், லென்ஸுக்குள் போகாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.