போருக்குப் பிந்தைய பிரிட்டன் நாவல்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பிரிட்டன் நாவல்களில் வர்க்கத்தையும் அடையாளச் சிக்கலையும் ஆராய்வோர் பலர், கதைசொல்லியின் கூற்றையே நாவலின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். ஜான் பிரெய்னின் ‘ரூம் அட் த டாப்’ (1957) நாவலில், நகராட்சி அலுவலகக் கணக்கரான ஜோ லாம்ப்டன், எதிரே நின்ற ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஓர் இளைஞனும் செல்வச் செழிப்புள்ள ஒரு பெண்ணும் ஏறிப் போவதைக் காண்கிறான். காரும் சரி, அந்தப் பெண்ணும் சரி, பணமிருந்தால் எட்டக்கூடியவையே என்று கணக்குப் போடுகிறான். இந்த இடத்தை மேற்கோள் காட்டி, வர்க்கம் என்பது பணமே என நாவல் சொல்வதாக முடித்துவிடுவது அவசரம். போரில் அதிகாரி நிலைக்குக் கீழான சார்ஜென்டாக இருந்து எதிரியிடம் பிடிபட்ட ஜோ, கைதிகள் முகாமிலேயே கணக்கியல் தேர்வுக்குப் படித்தவன். காதலில் அவனுக்குப் போட்டியாக வரும் ஜாக் வேல்ஸோ, முகாமிலிருந்து தப்பி வந்த அதிகாரி. அந்தப் படிநிலையைச் சம்பளம் அழித்துவிடுவதில்லை. மேலும், இக்கதையைச் சொல்பவன் வசதியை அடைந்து பல ஆண்டுகள் ஆன ஜோ. பழைய தன்னை அவன் திரும்பிப் பார்க்கும் தொலைவில்தான் அடையாளச் சிக்கலே இருக்கிறது.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் காரணம் காட்டும் பழக்கம். கட்டணமில்லா இடைநிலைக் கல்வியைத் தந்த அச்சட்டம் பெரிய மாற்றம்தான். ஆனால் பிரெய்ன் பிறந்தது 1922இல், இன்னொரு நாவலாசிரியரான ஆலன் சில்லிட்டோ 1928இல். சில்லிட்டோ 14 வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர். இவர்களை அச்சட்டத்தின் பிள்ளைகள் என்பது ஆண்டுக் கணக்குக்கே ஒத்துவராது.

1950களின் பிரிட்டன் எழுத்தாளர்கள் பலருக்குச் சேர்த்துச் சூட்டப்பட்ட ‘கோபக்கார இளைஞர்கள்’ என்ற பட்டம் இன்னும் மோசம். சில்லிட்டோவின் ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ (1958) நாயகன் ஆர்தர் சீட்டன் மேலே ஏறத் துடிப்பவன் அல்லன். நாட்டிங்ஹாம் சைக்கிள் தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கேற்ற கூலிக்கு, வேலை செய்யும் அவன், உற்பத்தி கூடினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்றறிந்து தன் வேகத்தை அளந்தே வைத்துக்கொள்கிறான். கைநிறையச் சம்பாதித்து நல்ல சூட் அணிபவனின் கதையை வறுமைக் கதையாகப் படிப்பதும், ஜோவின் கதையோடு ஒரே பட்டத்துக்குள் அடைப்பதும் அவன் சண்டை எதனோடு என்பதை மறைத்துவிடும்.

சாம் செல்வனின் ‘த லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நாவலைப் புலம்பெயர் இலக்கியம் என்று தனி அத்தியாயத்துக்குத் தள்ளுவதைத்தான் நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். டிரினிடாடில் பிறந்த செல்வனின் தந்தை சென்னையிலிருந்து சென்றவர் என்பது நம் வாசகர்களில் பலர் அறியாத செய்தி. குளிர்காலத்தில் மெல்லிய சூட் உடையோடு வாட்டர்லூ ரயில் நிலையத்தில் வந்திறங்கும் கலஹாட், பின்னொரு நாள் தன் கையைப் பார்த்து அதன் நிறத்தோடு பேசி, அதையே குற்றம் சாட்டுகிறான். வேலையும் வாடகை அறையும் யாருக்கு எது என்பதை நிறம் தீர்மானிக்கும் லண்டனில், அவன் வர்க்கத்தை அந்தக் கையிலிருந்து பிரித்துப் பேச முடியாது.