ஜீரோ டர்ன் புல்வெட்டும் வண்டி வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி பக்கம் தோட்டத்தோடு சேர்த்து வீடு கட்டியவர்கள், அதுவும் துபாய் அமெரிக்கா என்று இருந்துவிட்டு வந்தவர்கள் என்றால், வீட்டைச் சுற்றிப் புல் போட்ட கொஞ்ச நாளில் கேட்பார்கள், "அண்ணாச்சி, ஜீரோ டர்ன் ஒண்ணு எடுத்துப் போடலாமா, எத்தனை எச்பி பார்க்கணும்?" என்று. ஜீரோ டர்ன் என்றால் நின்ற இடத்திலேயே திரும்புகிற, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி. அதன் எச்பியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்களிடம் புல் எத்தனை சென்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பட்டாவில் இரண்டு ஏக்கர் இருக்கும், சரி. அதில் வீடு, கார் நிற்கிற இடம், கிணறு, மோட்டார் அறை, வாழை நிற்கிற பாகம், தென்னைக்குக் கட்டிய வட்டப்பாத்திகள் எல்லாம் போக வெட்டவேண்டிய புல் எழுபது சென்ட்கூடத் தேறாமல் போகலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். அரை ஏக்கருக்குள் என்றால் பின்னால் நடந்து ஓட்டுகிற, தானே நகரும் 21 அங்குல மெஷின் போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். ஒரு ஏக்கரும் அதற்கு மேலும், திறந்த வெளியாக, ஓரளவு சமமாக இருந்தால்தான் ஜீரோ டர்னுக்குக் கொடுக்கிற பல லட்சம் நியாயமாகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் அவரவர் முதுகையும் பையையும் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, இது தோப்பில் மண்டிக்கிடக்கிற களையை அடிக்கிற வண்டி இல்லை. முழங்கால் உயரக் கோரையும் பார்த்தீனியமும் நிற்கிற இடத்தில் இதை விட்டால் டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கிற அடிக்கூடு, அடைத்துக்கொள்ளும், பெல்ட் கருகும். அதற்கு டிராக்டரில் மாட்டுகிற ஸ்லாஷரோ தோளில் போடுகிற பிரஷ் கட்டரோதான் சரி. ஜீரோ டர்ன் என்பது வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வெட்டப்படுகிற புல்லுக்கு. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மாதம் வெட்டுவீர்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். செங்கோட்டை, தென்காசி பக்கம் ஆனி ஆடிச் சாரலிலும் புல் வளரும், ஐப்பசி கார்த்திகையிலும் வளரும். ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி பக்கம் வடகிழக்கு மழையை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. போர் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் மாசி பங்குனிக்கு மேல் புல் அப்படியே மஞ்சளாகப் படுத்துவிடும், வண்டியும் கொட்டகையில் படுத்துக்கிடக்கும். வருஷத்தில் நான்கு மாதம் மட்டும் ஓடப்போகிற வண்டிக்கு அவ்வளவு பணமா என்று இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது. வெட்டியதை மாட்டுக்குக் கொண்டுபோகப் பக்கத்து வீட்டுக்காரர் தயாராக இருந்தால் அதுவும் ஒரு வழிதான், கேலிக்குச் சொல்லவில்லை.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று புரியும். ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைப்பிடி. இடது பின்சக்கரத்துக்கு ஒரு ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றுவது, சுருக்கமாக ஹைட்ரோ), வலது பின்சக்கரத்துக்கு இன்னொன்று. இரண்டு கைப்பிடியையும் முன்னால் தள்ளினால் நேரே போகும், ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். மாமரம், தென்னை, பூச்செடித் திட்டு என்று அடிக்கடி வளைய வேண்டிய இடத்தில் நேரம் மிச்சமாவது இதனால்தான். முன்சக்கரம் இரண்டும் சும்மா சுழலுகிற உருளைகள், திசையோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. திருப்புவது, நிறுத்துவது இரண்டுமே பின்சக்கரத்தின் பிடியை நம்பி இருப்பதால், சரிவில், அதுவும் ஈரப்புல்லில், பின்சக்கரம் வழுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். பெரும்பாலான கம்பெனிகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கின்றன, சில மாடல்களுக்கு 10 டிகிரிதான். அளப்பது சுலபம்: பத்தடி நீளக் குழாய் ஒன்றை மேட்டில் ஒரு முனை வைத்து ரசமட்டம் பார்த்து நேராகப் பிடியுங்கள், மறுமுனைக்கும் தரைக்கும் இடையே ஒன்றே முக்கால் அடி இருந்தால் 10 டிகிரி, இரண்டேமுக்கால் அடிக்கு ஓர் அங்குலம் குறைந்தால் 15 டிகிரி. அதற்கு மேல் போனால் அந்தப் பாகத்தைப் பிரஷ் கட்டருக்கு விட்டுவிடுங்கள். நம் பக்கம் தோட்டத்தை ஒட்டியே வாய்க்கால் போகும், கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ, இல்லாவிட்டால் குளத்துக்கரை இருக்கும். கரையின் விளிம்பிலிருந்து வண்டியின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளித்தான் ஓட்டவேண்டும். சீட்டுக்குப் பின்னால் நிற்கிற கவிழ்காப்புக் கம்பி உள்ள மாடலாகவே எடுங்கள், மடக்கக்கூடியதாக. மாங்கிளைக்கு அடியில் போகும்போது மட்டும் மடக்கலாம். கம்பி நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போடவேண்டும், மடக்கியிருந்தால் போடக்கூடாது, ஏனென்றால் அப்போது வண்டி கவிழ்ந்தால் குதித்து விலக வழி வேண்டும்.

அடுத்தது டெக்கின் அகலம். 42, 48, 52, 54, 60 அங்குலம் என்று வரும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் 42 அங்குல டெக் தியரிப்படி மணிக்கு இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வெட்டவேண்டும். திரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று படுகிற வரிசை, மரத்தைச் சுற்றுவது எல்லாம் கழித்தால் ஒன்றேகால் ஏக்கர் வந்தால் சந்தோஷப்படலாம். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வீட்டுக்கு 42 நிறைய. மூன்று ஏக்கரைத் தாண்டினால் 52, 54 பாருங்கள். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது மைதானத்துக்குச் சரி, மேடு பள்ளம் உள்ள தரையில் அகலமான டெக் மேட்டின் தலையை மொட்டை அடித்துவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடும். டெக்குக்கு அடியில் மொட்டையடிக்காமல் தாங்குகிற சின்ன உருளைகள் எத்தனை இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள்.

வாசல் கேட்டின் அகலத்தையும் அளந்து பாருங்கள். புல் வெளியே தள்ளுகிற பக்கவாட்டு மூடி சுமார் ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே 42 அங்குல வண்டி 42 அங்குல வழியில் நுழையாது. கொட்டகை வாசலுக்கும் இதே கதை.

டெக் இரண்டு விதம். ஒரே தகட்டை அழுத்தி வடிவமாக்கியது ஒன்று, தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தது இன்னொன்று. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன் என்பதை மறக்காதீர்கள், 10 கேஜ் என்பது 13 கேஜைவிடக் கெட்டி. வெளிநாட்டு வீட்டுப் புல்வெளிக்கு அழுத்திய டெக்கே போதும். நம் தோட்டத்தில் குரும்பை விழுந்து கிடக்கும், காய்ந்த மட்டை கிடக்கும், பனங்கொட்டை, கருங்கல் ஜல்லி எல்லாம் இருக்கும், அதனால் வெல்டிங் டெக்கைத்தான் நான் சொல்வேன். வெட்டுவதற்கு முன் ஒருமுறை நடந்து பொறுக்கிவிடுவது டெக்குக்கும் நல்லது, ஜன்னல் கண்ணாடிக்கும் நல்லது. சொட்டுநீர்க் குழாய் மேலாகக் கிடந்தால் பிளேடு அதைச் சரம்சரமாக்கிவிடும், முதலில் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

இப்போது எச்பி. கவாசாகி, கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் எதுவானாலும் இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஆயில் ஃபில்டரோடு, 20க்குப் பக்கத்தில் இருந்தால் வீட்டுக்குப் போதும். 20க்கும் 24க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கொடுக்கிற பணத்தை டிரான்ஸ்மிஷனுக்குக் கொடுங்கள், ஏனென்றால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். விலை குறைந்த மாடல்களில் ஹைட்ரோ சீல் வைத்தே வரும், ஆயில் மாற்ற வழியே இருக்காது, போனால் முழுசாக மாற்றவேண்டியதுதான். கொஞ்சம் மேலே போனால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றக்கூடியது கிடைக்கும். ஹைட்ரோவுக்கு முதல் எதிரி சூடு. பாளையங்கோட்டையில் வைகாசி மாதம் மத்தியானம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மேடேறி ஓட்டினால் ஆயில் இளகிப்போய் வண்டி இழுக்காது. ஹைட்ரோ மேலே சின்ன விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள், வேலையைக் காலையிலோ சாயந்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "ஹைட்ரோ என்ன மாடல், ஆயில் மாற்ற முடியுமா" என்று மட்டும் கேளுங்கள், பதில் சொல்கிற விதத்திலேயே அவருக்கு என்ன தெரியும் என்று தெரிந்துவிடும்.

காற்று ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற காற்றும் செம்மண் தூசியும் சேர்ந்தால் தட்டையான சாதாரண ஃபில்டர் தாக்குப்பிடிக்காது. தூசியைச் சுழற்றிப் பிரிக்கிற, உருளை வடிவ டப்பா ஃபில்டர் உள்ள இன்ஜினாக எடுங்கள். புத்தகத்தில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறதோ அதில் பாதி நேரத்திலேயே திறந்து பாருங்கள்.

பெட்ரோல்தான் பலர் கவனிக்காத இடம். இந்தச் சின்ன இன்ஜின்கள் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் வரைக்கும்தான் அனுமதிக்கப்பட்டவை. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கார்புரேட்டரில் பிசின் கட்டும், ரப்பர் குழாயையும் ஊறவைக்கும். அதனால் வாங்கும்போதே இந்த இன்ஜின் எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பேட்டரி வண்டியில் இந்தத் தலைவலி கிடையாது, சத்தமும் குறைவு. ஆனால் பேட்டரி போனால் மாற்றுவதற்கான விலையையும், உங்கள் ஊரில் அதைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் முள். உடைமுள்ளும் நெருஞ்சியும் இல்லாத தோட்டம் நம் சீமையில் எங்கே இருக்கிறது? முன் உருளைக்குக் காற்றில்லாத கெட்டி டயர் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், பின் டயருக்குள் ஓட்டையை அடைக்கிற திரவத்தை ஊற்றிவிடுங்கள். பின் டயருக்குக் காற்று பெரும்பாலும் 10 முதல் 15 பிஎஸ்ஐதான். பஞ்சர் கடைத் தம்பி பழக்கத்தில் 30 ஏற்றி அனுப்பிவிடுவார், வண்டி குதிக்கும், இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் டெக் சாய்ந்து புல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும், நீங்கள் பிளேடைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய வண்டி கிடைக்கிறது என்றால் மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு மேடு ஏற்றுங்கள், குளிர்ந்தபோது ஏறிய வேகத்தில் ஏறவில்லை என்றால் ஹைட்ரோ முடியப்போகிறது. இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பிளேடுகளை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. ஓட்டுபவர் சீட்டைவிட்டு எழுந்தால் பிளேடு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் யாரோ வயரை நேராக இணைத்திருக்கிறார்கள், அதைச் சரிசெய்யாமல் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, குழந்தைகள் உள்ள வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் வண்டியை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், ஷோரூம் சிமெண்ட் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் திரும்பும். நீங்களே ஏறி மரத்தைச் சுற்றுங்கள், முதல் பத்து நிமிடம் வண்டி உங்களைக் கேட்காமல் ஆடும், அது எல்லோருக்கும் நடப்பது. சர்வீஸுக்கு ஆள் திருநெல்வேலியிலிருந்து வருவாரா, மதுரையிலிருந்தா, கோயம்புத்தூரிலிருந்தா என்று கேளுங்கள். பேரிங் பெரும்பாலும் 6203, 6204, 6205 மாதிரி பொதுவான எண்தான், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பேரிங் கடையில் கேட்டால் கிடைக்கும். டெக் பெல்ட் அப்படி இல்லை, உள்ளே அராமிட் என்கிற கெட்டியான செயற்கை நூல் வைத்துச் செய்தது, அதே நீளத்தில் மாவுமில் பெல்ட் வாங்கி மாட்டினால் சீக்கிரமே நழுவ ஆரம்பிக்கும். ஆகவே வண்டி வாங்கும் அன்றைக்கே டெக் பெல்ட் இரண்டு, வண்டியை நகர்த்துகிற பெல்ட் ஒன்று, பிளேடு ஒரு செட், ஆயில் ஃபில்டர், காற்று ஃபில்டர் எல்லாவற்றையும் அதே பில்லில் போட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.